அம்மாவைக் கட்டிவைக்கிறார்கள்: எது நோய், எது கவனக்குறைவு?

வாசகி ஒருவர் எழுதிய நீண்ட கடிதம் வந்திருக்கிறது. அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 46. வட மாவட்டம் ஒன்றில் பள்ளி ஆசிரியை. அம்மாவுக்கு 73 வயது. சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நான்கு ஆண்டுகளுக்கு முன் அல்சைமர் வகை டிமென்ஷியா, அதாவது நினைவும் சிந்தனையும் மெல்ல மெல்லக் குறையும் மறதி நோய், என்று கண்டறிந்தார்கள். மகள் வீட்டில்தான் இருந்தார். கேஸைத் திறந்துவிட்டு அடுப்பைப் பற்றவைக்க மறந்தது, நள்ளிரவில் தாழ்ப்பாளைத் திறந்து பஸ் ஸ்டாண்டு வரை தனியாக நடந்துபோனது என்று ஒன்றன்பின் ஒன்றாக நடக்க, ஐந்து மாதங்களுக்கு முன் சென்னைப் புறநகரில் ஒரு தனியார் இல்லத்தில் சேர்த்தார்கள். மாதம் 38,000 ரூபாய். டயப்பரும் மருந்தும் தனிக் கணக்கு. பணம் அனுப்புவது வளைகுடாவில் இருக்கும் அண்ணன்.

இந்த ஐந்து மாதத்தில் 54 கிலோ இருந்த அம்மா 47 கிலோ ஆகிவிட்டார். எப்போது போனாலும் அரைத்தூக்கத்தில் இருக்கிறார். தொலைத்துவிடுவார் என்று பல்செட்டைக் கழற்றி ஒரு டப்பாவில் போட்டு அலமாரியில் வைத்துவிட்டார்கள். பேன் என்று சொல்லி, வீட்டில் யாரையும் கேட்காமல் மொட்டையடித்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் பார்க்கலாம், அதுவும் முன்னறையில் ஒரு மணி நேரம். போன மாதம் ஒரு வேலைநாளில் சொல்லாமல் போய் நின்றபோது, பிளாஸ்டிக் நாற்காலியோடு சேர்த்துப் பழைய புடவைத் துணியால் அம்மாவை இடுப்பில் கட்டியிருந்தார்கள். கேட்டால், "விழுந்துடுவாங்க மேடம், அவங்க நல்லதுக்குத்தான். இந்த நோய் முத்தினா இப்படித்தான் இருக்கும்" என்று பதில்.

அண்ணன், "அவங்களுக்கு எல்லாம் தெரியும், நீ தலையிடாதே. பவர் என்கிட்ட இருக்கு" என்கிறார். தாய்மாமாவோ, "பெத்தவளை ஹோம்ல தள்றது சட்டப்படியே குற்றம்" என்கிறார். வாசகி கேட்பது இவ்வளவுதான்: நோய் முற்றினால் இப்படித்தான் ஆகுமா? தனியார் இல்லத்தை யாரும் கேள்வி கேட்க முடியாதா? உடனே வீட்டுக்குக் கூட்டி வந்துவிடவா? அம்மாவுக்கு எதுவும் தெரிவதில்லை என்கிறார்களே, அப்படியென்றால் நான்தான் வீணாக மனதைப் போட்டு வருத்திக்கொள்கிறேனா?

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். நீங்கள் வீணாக வருந்தவில்லை. காலையில் கட்டிவைத்ததை உங்கள் அம்மா மதியம் மறந்துவிடலாம். ஆனால் அந்தப் பயமும் அவமானமும் உடம்பைவிட்டுப் போவதில்லை. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் அல்சைமர் நோயாளிகளுக்குச் சோகமான, மகிழ்ச்சியான படக்காட்சிகளைக் காட்டிப் பார்த்தார்கள். சற்று நேரத்தில் என்ன பார்த்தோம் என்பதே அவர்களில் பலருக்கு நினைவில் இல்லை. அந்தக் காட்சிகள் எழுப்பிய உணர்ச்சி மட்டும் தொடர்ந்து இருந்தது. 2014-ல் வெளியான ஆய்வு அது. "அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். காரணம் தெரியாமல் வருந்துவது, காரணம் தெரிந்து வருந்துவதைவிடக் கொடியது.

அடுத்து, "இந்த நோய் முற்றினால் இப்படித்தான்" என்ற பேச்சு. டிமென்ஷியா இல்லங்களில் நான் அதிகம் கேட்கும் வாக்கியம் இதுதான். அதிகம் பயப்படுவதும் இதைக் கேட்டுத்தான். நோயின் பெயரைச் சொல்லி எல்லாவற்றையும் அதன் கணக்கில் எழுதிவிட்டால், தேடிப் பார்க்க வேண்டிய காரணத்தை யாரும் தேடமாட்டார்கள். அல்சைமர் மெல்ல மெல்லத்தான் இறங்கும், மாதக் கணக்கில், ஆண்டுக் கணக்கில். இல்லத்தில் சேர்ந்த சில வாரங்களில் ஒருவர் சட்டென்று சரிந்தால், நோய் வேகமெடுத்துவிட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் அந்த இடத்தில் என்ன மாறியது என்று பார்க்க வேண்டும்.

எடை

ஐந்து மாதத்தில் ஏழு கிலோ என்றால், இருந்த எடையில் எட்டில் ஒரு பங்கு போய்விட்டது. ஆறு மாதத்தில் பத்து சதவீதத்துக்கு மேல் எடை குறைந்தாலே மருத்துவத்தில் அதைக் கவலைக்குரிய இழப்பு என்று எடுத்துக்கொண்டு காரணம் தேடத் தொடங்குவோம். உங்கள் கடிதத்திலேயே இரண்டு காரணங்கள் இருக்கின்றன. ஒன்று, பல்செட் அலமாரியில் இருக்கிறது. பல் இல்லாமல் சப்பாத்தியையும் பொரியலையும் எப்படி மெல்லுவார்? ஐந்து மாதம் போடாமலே இருந்தால் ஈறு சுருங்கி, பழைய செட் பொருந்தாமலும் போயிருக்கலாம். பல் மருத்துவரிடம் காட்டுங்கள். இரண்டு, அரைத்தூக்கத்தில் இருப்பவர் முன் தட்டை வைத்துவிட்டு, அரைமணி கழித்து "சாப்பிடலை" என்று எடுத்துப்போயிருப்பார்கள். இந்த நிலையில் இருப்பவர்களுக்கு ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, நிமிர்த்தி உட்காரவைத்து, வாய் காலியாகும்வரை காத்திருந்து அடுத்த கவளம் தர வேண்டும். ஒரு வேளைக்கு முக்கால் மணி நேரம்கூட ஆகும். எட்டுப் பேருக்கு ஓர் ஆயா என்றால் அது நடக்காது.

விழுங்குவதில் சிரமம், மலச்சிக்கல், வாய்ப்புண், தைராய்டு, சர்க்கரை, மனச்சோர்வு ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். இவற்றில் பெரும்பாலானவற்றைச் சரிசெய்ய முடியும்.

அரைத்தூக்கம்

மாத்திரை அட்டைகளைப் படமெடுத்து அனுப்பியிருந்தீர்கள். ஒன்று ரிஸ்பெரிடோன், மனநோய்க்குக் கொடுக்கும் மருந்து. இன்னொன்று குளோனாசெபாம், மயக்கமும் தூக்கமும் தரும் மருந்து. சேர்ந்த மூன்றாவது வாரத்திலிருந்து கொடுத்துவருகிறார்கள், எந்த மருத்துவர் எழுதினார் என்று சீட்டு காட்டவில்லை என்கிறீர்கள்.

ரிஸ்பெரிடோன் போன்ற மருந்துகளே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். கடுமையான மனப்பிரமை, தன்னையோ பிறரையோ காயப்படுத்தும் அளவு ஆவேசம் இருந்தால், வேறு வழிகள் பலிக்காதபோது, குறைந்த அளவில், குறுகிய காலத்துக்கு நானும் எழுதுகிறேன். ஆனால் டிமென்ஷியா உள்ள முதியவர்களுக்கு இந்த வகை மருந்துகள் மரண அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-லேயே எச்சரித்துவிட்டது. ஆய்வில் ஒப்பீட்டுக்காக மருந்தில்லாத மாத்திரை எடுத்தவர்களோடு ஒப்பிட்டால் இறப்பு ஏறத்தாழ 1.6 மடங்கு. ஹாலோபெரிடால் போன்ற பழைய மருந்துகளுக்கும் 2008-ல் அதே எச்சரிக்கையை நீட்டித்தார்கள். பிரிட்டனில் 2009-ல் அரசுக்காகத் தயாரித்த அறிக்கை ஒன்று, அங்கே ஆண்டுக்குச் சுமார் 1,80,000 டிமென்ஷியா நோயாளிகளுக்கு இவற்றைக் கொடுப்பதாகவும், அதனால் ஆண்டுக்கு 1,800 பேர் கூடுதலாக இறப்பதாகவும் கணக்கிட்டது. அதற்குப் பிறகுதான் அங்கே இந்த மருந்துகளை எழுதுவதில் கட்டுப்பாடு வந்தது.

ஆகவே யார் எழுதினார், எந்த அறிகுறிக்காக, எவ்வளவு அளவு, எப்போது மறுபரிசீலனை என்ற நான்கு கேள்விகளுக்கும் பதில் இல்லாமல் இந்த மாத்திரையை யாருக்கும் தரக் கூடாது. குளோனாசெபாம் தன் பங்குக்குத் தள்ளாட்டத்தையும் குழப்பத்தையும் கூட்டும். அதாவது, "விழுந்துடுவாங்க" என்று கட்டிவைக்கிறார்களே, விழவைப்பதே அவர்கள் கொடுக்கும் மாத்திரையாக இருக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. கோபத்தில் நீங்களே இரண்டையும் ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள். குறிப்பாகக் குளோனாசெபாமைத் திடீரென நிறுத்தினால் தூக்கமின்மை, நடுக்கம், சிலருக்கு வலிப்புகூட வரும். மருத்துவர் மேற்பார்வையில் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

கட்டிவைத்தல்

இதில் நான் எந்தச் சமாதானமும் சொல்லப்போவதில்லை. கட்டிவைப்பது விழுவதைத் தடுக்காது. உட்கார்ந்தே இருந்தால் சில வாரங்களிலேயே தொடைத் தசை கரையும், கால் பலம் போகும், அடுத்த முறை எழும்போது இன்னும் மோசமாக விழுவார். படுக்கைப்புண், நெஞ்சுச்சளி, கட்டிய துணியிலிருந்து விடுபட முயன்று சரிந்து மூச்சுத்திணறல் எல்லாமே இதனால் வருபவை. அமெரிக்காவில் ஊழியர் வசதிக்காகவோ தண்டனையாகவோ கட்டிவைக்கக் கூடாது என்று நர்சிங் ஹோம்களுக்கு 1987-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள்.

உங்கள் அம்மா ஏன் எழுந்திருக்கிறார் என்று அங்கே யாராவது கேட்டார்களா? பதில் உங்கள் கடிதத்தில் இருக்கிறது. "பதினொரு மணியானா எழுந்துடறாங்க. பிள்ளைங்களுக்குச் சோறு போடணும்னு சொல்லிட்டு வாசலுக்குப் போறாங்கன்னு ஆயா சொன்னாங்க" என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். இத்தனை ஆண்டுகள் தினமும் அந்த நேரத்துக்கு உலை கொதித்ததா, முட்டை கணக்குச் சரியா என்று பார்த்தவர் அவர். நூறு பிள்ளைகள் பசியோடு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று மனம் சொல்லும்போது ஒரு சத்துணவு அமைப்பாளர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பாரா? அதை இல்லத்தின் குறிப்பேட்டில் 'அலைதல்' என்று எழுதியிருப்பார்கள்.

நல்ல இல்லம் என்றால் பத்தரை மணிக்கே ஒருவர் வந்து, "அம்மா, தட்டு எல்லாம் எடுத்து வைக்கணும், வாங்க" என்று கூப்பிடும். ஒரு முறம் முருங்கைக்கீரையைக் கொடுத்து உருவச் சொல்லும். சாப்பாட்டு நேரத்தில் எத்தனை பேர் என்று எண்ணச் சொல்லும். எண்ணிக்கை தப்பினால் என்ன? இதற்குப் பெரிய செலவு கிடையாது. அம்மா என்ன வேலை செய்தார் என்று சேர்க்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளும் ஒருவர் போதும். உங்களைக் கேட்டார்களா?

இதோடு உயரம் குறைந்த கட்டில், வழுக்காத செருப்பு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கழிப்பறைக்குக் கூட்டிப்போவது, கண்ணாடி பவர் சரிபார்ப்பது, எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் இறங்குகிறதா என்று பார்ப்பது. இத்தனையும் செய்த பிறகும் ஒருவர் என்றாவது விழலாம். அதை நாம் ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். விழவே கூடாது என்று குடும்பங்கள் இல்லத்தை நெருக்கும்போது, அந்த பயத்தில் கயிறு வருகிறது. உங்கள் அண்ணனுக்கும் இதைச் சொல்லுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது

தனியார் இல்லத்தை யாரும் கேட்க முடியாது என்பது தவறு. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், சிந்தனை, மனநிலையோடு இடம், காலம் பற்றிய உணர்வும் நினைவாற்றலும் கடுமையாகப் பாதிக்கப்படுவதையும் மனநோய் என்ற வரையறைக்குள் சேர்த்திருக்கிறது. அப்படிப்பட்டவர்களைத் தங்கவைத்துப் பராமரிக்கும் இடம், அரசுடையதோ தனியாரோ, அந்தச் சட்டத்தின் கீழ் பதிவு செய்திருக்க வேண்டும். நம் ஊரில் பல இல்லங்கள் முதியோர் இல்லம் என்ற பதிவோடு நின்றுகொண்டு, எங்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று வாதாடுகின்றன. கதவைப் பூட்டிவைத்து, மனநல மருந்து கொடுத்து, கடுமையான நினைவிழப்பு உள்ளவர்களைப் பராமரிக்கும் இடத்துக்கு அது பொருந்தும் என்பதே என் உறுதியான கருத்து.

அந்தச் சட்டத்தின் 97-ஆவது பிரிவை ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், சிகிச்சை தரும் மனநல மருத்துவரின் அனுமதியோடு, தேவைப்படும் நேரத்துக்கு மேல் ஒரு நிமிடமும் இல்லாமல்தான் ஒருவரைக் கட்டுப்படுத்தலாம். காரணமும் நேரமும் பதிவாக வேண்டும். நோயாளியின் சார்பில் சிகிச்சை முடிவுகளில் துணைநிற்கும் நியமனப் பிரதிநிதிக்கு 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். ஆள் பற்றாக்குறை ஒரு காரணமாகாது என்று சட்டமே வெளிப்படையாகச் சொல்கிறது. புடவைத் துணி இதில் எங்கே பொருந்தும்?

மொட்டையடித்ததைப் பற்றி, "இது சின்ன விஷயமாக இருக்கலாம், ஆனால் எனக்கு அதுதான் தாங்கவில்லை" என்று எழுதியிருந்தீர்கள். சின்ன விஷயம் இல்லை. கட்டாயமாக முடி மழிக்கக் கூடாது என்பதை 20-ஆவது பிரிவு பெயர் சொல்லியே தடுக்கிறது. சொந்த உடையை அணியும் உரிமையும் தனிமைக்கான உரிமையும் அதே பிரிவில் வருகின்றன. பேனுக்கு மருந்து ஷாம்பூவும் சீப்பும் போதும். நம் ஊரில் ஒரு வயதான பெண்ணுக்கு மொட்டையடிப்பது எந்த வலியைக் கிளறும் என்று அங்கே இருப்பவர்களுக்குத் தெரியாமல் இருக்காது.

பார்வையாளர் நேரமும் அப்படித்தான். இல்லம் நேர ஒழுங்கு வைக்கலாம். வாரத்துக்கு ஒரு மணி நேரம், அதுவும் முன்னறையில் என்பது ஒழுங்கு இல்லை. "உங்களைப் பாத்தா அழறாங்க, அதான்" என்பார்கள். சேர்ந்த புதிதில் அழுவது இயல்பு. அதற்காக மகளை வரவிடாமல் செய்வதால் அழுகை நிற்காது, அழுவது நமக்குத் தெரியாமல் போகும், அவ்வளவுதான்.

புகார் என்றால், முதலில் இல்லப் பொறுப்பாளருக்கு எழுத்தில் கொடுங்கள். தீர்வு இல்லையென்றால் மாநில மனநல ஆணையத்துக்கும் மனநல மறுஆய்வு வாரியத்துக்கும் எழுதலாம். முதியோர் இல்லம் என்ற வகையில் மாவட்டச் சமூக நல அலுவலரிடம் அந்த இடத்தின் பதிவைப் பற்றிக் கேளுங்கள். 14567 என்ற முதியோர் உதவி எண்ணும் இருக்கிறது. நீங்கள் பணம் கொடுத்துச் சேவை பெறுபவர் என்பதால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், நடந்ததிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள், வழக்குத் தொடுக்கலாம். அடித்தார்கள், காயம் இருக்கிறது என்றால் இந்த வரிசையெல்லாம் பார்க்க வேண்டாம். நேராகக் காவல் நிலையம் போங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கட்டிய ஆயாவைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிட்டு நிர்வாகத்தை விட்டுவிடாதீர்கள். குறைந்த சம்பளத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம், பயிற்சி எதுவும் இல்லாமல், பல சமயம் தமிழே பேசத் தெரியாத ஊரிலிருந்து வந்து வேலை பார்க்கும் பெண் அவர். பதினொரு மணிக்கு என்ன நடக்கிறது என்று கவனித்து உங்களிடம் சொன்னதும் அவர்களில் ஒருவர்தானே.

அண்ணனின் 'பவர்'

உங்கள் அண்ணன் வைத்திருப்பது 2018-ல் எழுதிய பொது அதிகாரப் பத்திரம், வீடும் வங்கியும் சம்பந்தப்பட்டது என்கிறீர்கள். இரண்டு தவறான நம்பிக்கைகள் இதில் கலந்திருக்கின்றன. முதலாவது, சொத்துக்காக எழுதிய பத்திரம் மருத்துவ முடிவுக்கு உரிமை தராது. இரண்டாவது, பலருக்கும் தெரியாதது: 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201-ஆவது பிரிவின்படி, அதிகாரம் கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தால் அந்த முகவர் அதிகாரமே முடிந்துபோகிறது. அம்மாவுக்கு விவரம் புரியாத நிலை வந்த பிறகும் அந்தப் பத்திரத்தைக் காட்டிக் கையெழுத்துப் போட்டால், நாளைக்கு உங்கள் அண்ணனுக்குத்தான் சிக்கல். சொத்து நிர்வாகத்துக்கு நீதிமன்றம் வழியாகக் காப்பாளர் நியமனம் பெறுவது பற்றி ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.

சிகிச்சை விஷயத்தில், அம்மா யாரையும் முன்கூட்டி எழுதி நியமிக்கவில்லை என்றால், உறவினர் என்ற முறையில் நியமனப் பிரதிநிதியாகும் தகுதி உங்களுக்கும் உண்டு, அண்ணனுக்கும் உண்டு. அதனால் இதைச் சண்டையாக்க வேண்டாம். கடல் கடந்து இருப்பவர் மாதாமாதம் பணம் அனுப்பி நிம்மதியை வாங்கிக்கொள்ளப் பார்க்கிறார். அந்த நிம்மதியை நீங்கள் கலைக்கிறீர்கள் என்பதால்தான் கோபம். எடைக் கணக்கையும் மாத்திரைப் பெயரையும் முன்னால் வையுங்கள். "நீ அனுப்பற காசுக்கு அம்மாவுக்கு இது கிடைக்கலை" என்பதை அவரால் புரிந்துகொள்ள முடியும்.

இனி என்ன செய்வது

உடனே வீட்டுக்குக் கூட்டி வந்துவிடவா என்ற கேள்விக்கு என் பதில்: முதலில் மருத்துவமனைக்கு. இந்த வாரமே. கிண்டியில் 2024-ல் திறந்த தேசிய முதியோர் நல மருத்துவமனை இருக்கிறது. சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவத் துறை பல பத்தாண்டுகளாக இயங்குகிறது. ரத்தப் பரிசோதனை, சிறுநீர்த் தொற்று, உப்பு அளவு, பல், விழுங்கும் திறன், மாத்திரை மறுபரிசீலனை, உடம்பில் காயம் அல்லது புண் இருக்கிறதா என்று முழுவதுமாகப் பார்க்கச் சொல்லுங்கள். உள்நோயாளியாகச் சில நாட்கள் சேர்க்கச் சொன்னால் தயங்காமல் சேருங்கள். அம்மாவுக்கு அது சிகிச்சை. உங்களுக்கு யோசிக்கக் கிடைக்கும் நேரம். அப்புறம், இல்லத்தோடு சம்பந்தமில்லாத ஒரு மருத்துவரின் பதிவும் கையில் இருக்கும்.

அதே இல்லத்துக்குத் திரும்புவதா? இடமாற்றம் டிமென்ஷியா உள்ளவர்களை உலுக்கிவிடும், ஒவ்வொரு மாற்றத்துக்கும் பழகச் சில வாரங்கள் ஆகும். அதனால்தான், குறை சிறிதென்றால் பேசிச் சரிசெய்து அங்கேயே வைத்துக்கொள்ளச் சொல்வேன். உங்கள் அம்மா விஷயத்தில் அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பல்செட் சரிசெய்யக்கூடியது, சாப்பாடு சரிசெய்யக்கூடியது. கட்டிவைத்துவிட்டு, கேட்டபோது அதில் தவறே இல்லை என்று நினைக்கும் நிர்வாகம் மாறும் என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை. வேறு இடம் கிடைக்கும்வரை வேறு வழியின்றித் திரும்ப வேண்டியிருந்தால், கட்டமாட்டோம், மருந்து மாற்றினால் சொல்வோம், எந்த நாளும் பார்க்கலாம் என்ற மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள்.

வீட்டில் வைத்துக்கொள்வது உங்கள் மனதுக்கு இதமான வழி. ஆனால் நீங்களும் கணவரும் காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் மாலை வரை வீட்டில் யாரும் இல்லை. பகலுக்கு ஓர் ஆள், இரவுக்கு ஓர் ஆள் இல்லாமல் நடக்காது. ஏஜென்சி வழியாக இருவரை வைத்தால் செலவு இல்லத்துக்குக் குறையாது, ஆள் வராத நாளில் நீங்கள்தான் விடுப்பு எடுக்க வேண்டும். வீட்டில் வைத்திருந்தபோது நீங்கள் மூன்று மாதம் சரியாகத் தூங்கவில்லை, ஒருமுறை அம்மாவை அடித்துவிட்டேன் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை எழுதியதற்கு உங்களை மதிக்கிறேன். அந்த நிலைக்கு மறுபடியும் போகக் கூடாது, உங்களுக்காகவும் அம்மாவுக்காகவும். உறவினர் உதவியும் நம்பிக்கையான ஆளும் கிடைத்தால் மட்டும் இந்த வழி. சென்னையில் உள்ள ஸ்கார்ஃப் மனநல நிறுவனத்தின் டிமென்ஷியா பிரிவான டெம்கேர்ஸ், அல்சைமர் சங்கத்தின் சென்னைக் கிளை போன்றவை குடும்பங்களுக்கு வழிகாட்டுகின்றன. பேசிப் பாருங்கள்.

புது இல்லம் பார்க்கப் போனால்

கட்டடத்தையும் கேமராவையும் பெருமையாகக் காட்டுவார்கள். அதைப் பார்த்து மயங்காதீர்கள். கேமரா நடந்ததைப் பதிவு செய்யும். கை கொடுக்காது. சாப்பாட்டு நேரத்தில் ஒருமுறை, மாலை ஆறு மணிக்கு மேல் ஒருமுறை போங்கள். இரவு எத்தனை பேர் விழித்திருப்பார்கள் என்று கேளுங்கள். பகல் எண்ணிக்கையைச் சொல்லி நழுவுவார்கள், மறுபடியும் கேளுங்கள். மாதாந்திர எடைப் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள், பெயரை மறைத்துக்கொண்டு காட்டட்டும். கடைசியாக ஒருவர் விழுந்தபோது என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். "இங்க யாரும் விழுந்ததே இல்லை" என்று சொன்னால் அங்கே சேர்க்காதீர்கள். ஒன்று பொய் சொல்கிறார்கள், அல்லது யாரையும் நடக்கவிடுவதில்லை.

இருப்பவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்களா, "அந்த மூணாம் பெட்" என்கிறார்களா என்று காது கொடுங்கள். உடை மாற்றும்போது திரை இழுக்கிறார்களா? டயப்பர் தேவையா இல்லையா என்று பார்க்காமல் எல்லோருக்கும் போட்டுவிட்டிருக்கிறார்களா? தமிழ் பேசும் ஒருவராவது ஒவ்வொரு ஷிப்டிலும் இருக்கிறாரா? இந்த நோயில் வார்த்தைகள் ஒவ்வொன்றாகக் குறையும்போது கடைசிவரை மிஞ்சுவது தாய்மொழிதான். தண்ணீர் வேண்டும் என்பதை இந்தியில் கேட்க உங்கள் அம்மாவால் இனிக் கற்றுக்கொள்ள முடியாது. மருத்துவர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறார், இரவில் மூச்சுத்திணறினால் எந்த மருத்துவமனை, யார் கூட்டிப்போவார் என்பதை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். முன்பணம் திரும்பக் கிடைக்குமா என்பதையும்.

மாமாவின் பேச்சு

2007-ஆம் ஆண்டு பெற்றோர் பராமரிப்புச் சட்டம் குற்றம் என்று சொல்வது, முழுவதுமாகக் கைவிடும் நோக்கத்தோடு முதியவரை ஓர் இடத்தில் விட்டுவிட்டுப் போவதை. மூன்று மாதம் வரை சிறை, ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம். பணம் கட்டி, போய்ப் பார்த்து, எடை குறைகிறதே என்று தவிக்கும் மகளுக்கும் அந்தப் பிரிவுக்கும் சம்பந்தமே இல்லை. நாட்டில் அறுபது வயதைத் தாண்டியவர்களில் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருப்பதாக 2023-ல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிடுகிறது. அத்தனை வீடுகளிலும் பகலில் ஒரு மருமகளோ மகளோ சும்மா இருப்பார்கள் என்ற நினைப்பில்தான் மாமா பேசுகிறார். அவரிடம் சண்டை போடாதீர்கள். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை அக்காவோடு உட்கார்ந்து ஒரு வேளைச் சாப்பாடு ஊட்டிவிட முடியுமா என்று கேளுங்கள். வந்தால் நல்லது.

அம்மாவை எங்கேயும் அனுப்பமாட்டேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்திருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வாக்கைக் கேட்டபோது உங்கள் அம்மா விரும்பியது, தன்னை யாரும் இழிவாக நடத்தக் கூடாது, நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதைத்தான் என்று நினைக்கிறேன். அதை நீங்கள் இன்னும் நிறைவேற்ற முடியும்.

மருத்துவமனைக்குப் போகும்போது மாத்திரை அட்டைகள், பழைய எடைக் குறிப்பு, நான்கு ஆண்டுக்கு முந்தைய ஸ்கேன், பல்செட், கண்ணாடி எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். இல்லத்தில் மருத்துவக் குறிப்பேட்டின் நகலைக் கேளுங்கள், தர மறுத்தால் மறுத்த தேதியையும் ஆளையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கட்டப்பட்டிருந்ததை அன்று படமெடுத்திருந்தால் அழிக்காமல் தேதியோடு வைத்திருங்கள், வாட்ஸ்அப்பில் சொந்தக்காரர்களுக்கு அனுப்ப வேண்டாம். மருத்துவரைப் பார்க்கும் நேரத்தில் அண்ணனை வீடியோ அழைப்பில் சேர்த்து, மாத்திரையைப் பற்றி மருத்துவர் வாயாலேயே அவர் கேட்கும்படி செய்யுங்கள். பரிசோதனை முடிவுகள் வந்ததும், எந்தப் பக்கம் முடிவெடுப்பது என்று தெரியாவிட்டால், திரும்பவும் எழுதுங்கள்.